ஃபார்மட் போட்டபின் திரை மங்கினால் பேனலை மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதையொட்டிப் பழைய லேப்டாப்களைத் துடைத்துவிட்டு மறுபடி சாஃப்ட்வேர் ஏற்றும் வேலை மும்முரமாக நடக்கிறது. சிலர் விண்டோஸ் 11-ஐ எப்படியாவது உள்ளே நுழைக்கிறார்கள். சிலர் லினக்ஸுக்கு மாறுகிறார்கள். அதே 10-ஐயே புதிதாகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. எதைப் போட்டாலும் அடுத்து வரும் புகார் ஒன்றுதான்: ஃபார்மட் போட்டதிலிருந்து டிஸ்ப்ளே சரியில்லை. எழுத்து தடித்து மங்கலாகத் தெரிகிறது, படம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை, சில நேரம் திரை அப்படியே கறுத்துவிடுகிறது. இதைக் கேட்ட மாத்திரத்தில் "பேனல் போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லி, நன்றாக இருக்கும் திரையைக் கழற்றிப் போடுவது வேதனையான விஷயம். இவற்றில் பெரும்பாலானவை திரையின் கோளாறே அல்ல. அதை யாரும் வீட்டிலேயே உறுதிசெய்துகொள்ளலாம். உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சோதனையை விண்டோஸுக்கு வெளியே செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் கொடுத்து, திரை கறுத்து மீண்டும் ஒளிரும்போது, விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போங்கள். மாடலைப் பொறுத்து எஃப்2, எஃப்10, டெலீட், எஸ்கேப் இவற்றில் ஒன்று அதற்கான விசையாக இருக்கும். விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும். பயாஸ் திரை தெரியும் நேரத்தில் விண்டோஸும் ஓடவில்லை, படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் என்ற நிரலும் ஓடவில்லை. அங்கேயே கோடு விழுந்தால், நிறம் திரிந்திருந்தால், படம் துடித்தால் அது சாஃப்ட்வேர் விவகாரம் அல்ல. அங்கே எல்லாம் சுத்தமாக இருந்தால் பேனலும் கேபிளும் திரைக்குப் பின்னிருக்கும் விளக்கும் வேலை செய்கின்றன என்று பொருள். இதில் இரண்டு எச்சரிக்கைகள். பயாஸ் எழுத்து பெரிதாகவும் கரடுமுரடாகவும் தெரிவது இயல்பு, அதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. அடுத்தது, உள்ளே போய் ஒரு நொடி பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பதினைந்து இருபது நிமிடம் அப்படியே விட்டு, இடையிடையே மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சூடானபின் வரும் கோளாறும், கீல் அருகே நசுங்கிய கேபிளும் அப்போதுதான் வெளிப்படும்.

விண்டோஸுக்குள் கோடு தெரிகிறதென்றால் இன்னொரு எளிய வழி இருக்கிறது. பிரிண்ட் ஸ்கிரீன் விசையால் திரையைப் படம் எடுத்து, அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கோடு அந்தப் படத்திலும் இருந்தால் கிராஃபிக்ஸ் சிப்பையோ டிரைவரையோ சந்தேகப்பட வேண்டும். படத்தில் இல்லாமல் லேப்டாப்பில் மட்டும் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் அதற்கு அப்பால், கேபிளில் அல்லது பேனலில் இருக்கிறது. வெளி மானிட்டர் ஒன்று கைவசம் இருந்தால் அதையும் இணைத்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

பயாஸில் தெளிவாக இருக்கும் திரை விண்டோஸில் மட்டும் ஏன் மங்குகிறது? புதிதாக நிறுவிய விண்டோஸுக்கு உங்கள் கிராஃபிக்ஸ் சிப்பின் டிரைவர் கிடைக்கவில்லை என்றால், எந்த சிப்பிலும் ஓடக்கூடிய ஒரு பொது டிரைவரை வைத்து அது ஒப்பேற்றும். விண்டோஸ் 8 முதல் அதன் பெயர் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'. விண்டோஸ் 7-இல் 'ஸ்டாண்டர்ட் விஜிஏ கிராஃபிக்ஸ் அடாப்டர்'. பயாஸ் எந்த அளவுகளைக் கொடுக்கிறதோ அவற்றோடு அது நின்றுவிடும். பழைய லேப்டாப்களில் அது பல நேரம் 1024×768 அல்லது 800×600.

பழைய லேப்டாப்களில் மிகப் பரவலான பேனல் 1366×768 புள்ளிகள் கொண்டது. அதில் 1024×768 படத்தைப் பரப்பினால் உயரம் சரியாகப் பொருந்தும், அகலம் பொருந்தாது. மூன்று புள்ளிகளின் செய்தியை நான்கு புள்ளிகளில் இட்டு நிரப்ப வேண்டியிருக்கும். ஒரு புள்ளி அகலமுள்ள கோடு ஒன்றேகால் புள்ளிக்கும் சற்று மேலாக விரியும். அந்த மிச்சத்தைச் சாம்பல் நிறமாகப் பூசித்தான் திரை சமாளிக்கிறது. 'ப' என்ற எழுத்தை உற்றுப் பாருங்கள். நெட்டுக்கோடுகள் இரண்டும் மங்கியிருக்கும், அடிக்கோடு மட்டும் கூர்மையாக இருக்கும். வட்டமான எதுவும் கிடைமட்டமாகப் படுத்த முட்டையாகத் தெரியும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் திரையைத் தொடவே தேவையில்லை, பெரும்பாலும் டிரைவர் இல்லாததுதான் காரணம். 1366 என்ற எண் 8-ஆல் மீதியின்றி வகுபடாது என்பதும் இங்கே ஒரு தொல்லை. பழைய திரை அளவு அட்டவணைகள் அகலத்தை எட்டெட்டாகக் கணக்கிடுவதால் பட்டியலில் 1360×768 மட்டும் வந்து நிற்பதுண்டு. அது கிட்டத்தட்டச் சரியாகத் தெரிந்தாலும் பேனலின் அளவு அதுவல்ல. அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

சில மாடல்களில் டிரைவர் இல்லாமலேயே ரெசல்யூஷன், அதாவது திரையின் புள்ளி அளவு, சரியாக அமைந்துவிடும். அதனால் ஏமாறுகிறவர்கள் அதிகம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை காணாமல் போயிருக்கிறதா, பவர் மெனுவில் 'ஸ்லீப்' இல்லையா, வீடியோ ஓடும்போது விசிறி இரைந்து படம் திக்குகிறதா, எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரை வரவில்லையா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வேலையைப் பிராசஸர் சுமப்பதால் வருவதே அந்த இரைச்சல். உறுதிசெய்ய விண்டோஸ் விசையோடு எக்ஸ்-ஐ அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். மேலே சொன்ன பொதுப் பெயர் அங்கே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து, எந்த சிப் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பெயரின்மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'டீடெயில்ஸ்', கீழ்விரியும் பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்று போங்கள். 'வென்' (VEN) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கம் தயாரிப்பாளரைச் சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ (10DE) என்றால் என்விடியா. 'டெவ்' (DEV) என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் சிப்பைச் சொல்லும். இன்டெலில் 0116 என்பது இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸரின் கிராஃபிக்ஸ். 0166 மூன்றாம் தலைமுறை. 0ஏ16 (0A16) நான்காம் தலைமுறை. 1616 ஐந்தாம் தலைமுறையின் எச்டி 5500. மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பி டிரைவர் தேடுவதைவிட இந்த எண்ணை நம்புவது மேல்.

டிரைவரைத் தேடி எங்கெங்கோ அலைவதற்கு முன் கணினியின் தேதியைப் பாருங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நெடுநாள் கிடப்பில் இருந்த லேப்டாப்பில் மதர்போர்டின் சின்ன பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032 வகை, தீர்ந்துபோயிருக்கும். மின்சாரத்தை எடுத்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், விண்டோஸ் அப்டேட் சர்வரோடு இணைப்பு ஏற்படாது, டிரைவரும் இறங்காது. திரை மங்கலுக்குக் கடிகார பேட்டரி காரணமாக இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் போகிறது. தேதியைச் சரிசெய்து, இணையத்தில் இணைத்து, விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதிக்குள் 'டிரைவர் அப்டேட்ஸ்' தனியாக இருக்கும், அதையும் திறந்து பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாதபோது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய பக்கத்துக்குப் போங்கள். 32 பிட்டா, 64 பிட்டா என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், மாறினால் நிறுவாது. ஏற்றும் வரிசையும் முக்கியம்: முதலில் மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவர், ரீஸ்டார்ட், பிறகு கிராஃபிக்ஸ். இன்டெல் தளத்திலிருந்து நேராக எடுத்த பழைய டிரைவர் சில நேரம் 'இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை, தயாரிப்பாளரை அணுகவும்' என்று முரண்டுபிடிக்கும். அந்த மறுப்பு நிறுவும் நிரலுடையதுதான், சிப்புடையது அல்ல. அப்போது எக்ஸ்இ கோப்புக்குப் பதில் ஜிப் வடிவத்தை இறக்கி ஒரு கோப்புறையில் விரியுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', 'லெட் மீ பிக்', 'ஹேவ் டிஸ்க்' என்று வரிசையாகப் போய், கிராஃபிக்ஸ் கோப்புறைக்குள் இருக்கும், டிரைவரின் விவரம் அடங்கிய ஐஎன்எஃப் (.inf) கோப்பைக் காட்டுங்கள். நிறுவும்போது திரை ஓரிரு முறை கறுத்து மீளும். அந்த நேரத்தில் பதறிப்போய் பவர் பட்டனை அழுத்திவிடக் கூடாது.

இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்களில்தான் வரிசைப் பிழை அதிகம் நடக்கிறது. இன்டெலும் என்விடியாவும் சேர்ந்த பெரும்பாலான மாடல்களில் உள் திரையின் கம்பி இன்டெல் சிப்போடுதான் இணைந்திருக்கிறது. என்விடியா படத்தை வரைந்து இன்டெலிடம் கொடுக்கும், திரைக்கு அனுப்புவது இன்டெல். ஆகவே பெரிய சிப் என்று நினைத்து என்விடியா டிரைவரை மட்டும் ஏற்றினால் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. இன்டெலை முதலில் ஏற்றுங்கள், அதன்பின் மற்றதை. இன்டெலோடு ஏஎம்டி சேர்ந்த பழைய மாடல்களில் இரண்டுக்கும் சேர்த்து லேப்டாப் தயாரிப்பாளர் கொடுத்த ஒரே தொகுப்பைப் பயன்படுத்துவது நல்லது; தனித்தனியாகப் புதியதை ஏற்றினால் ஒன்று மற்றொன்றைக் குலைக்கும்.

டிரைவரை ஏற்றியதும் திரை முழுக்கக் கறுத்துவிட்டால்? முதலில் வெளிச்ச விசையைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். டிரைவர் ஏறும்போது பின்விளக்கு பூஜ்ஜியத்துக்குப் போய்விடுவதுண்டு. பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். அது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும், ஒரு சிறு ஒலியும் கேட்கலாம். வெளி மானிட்டரை இணைத்து அதில் படம் வந்தால், விண்டோஸ் விசையோடு பி-யை (P) அழுத்தி 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால், விண்டோஸ் சின்னம் தோன்றும் நேரத்தில் பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கத் திரை தானாக வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியே போய் ரீஸ்டார்ட் கொடுத்தபின் 3-ஐ அழுத்தினால் குறைந்த ரெசல்யூஷனிலும், 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடிலும் திறக்கும். உள்ளே போனதும் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள், அல்லது டிரைவர் கோப்பையும் நீக்கும் கட்டத்தில் டிக் இட்டு நீக்குங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் நீங்கள் நீக்கிய அதே டிரைவரை விண்டோஸ் அப்டேட் மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும்.

திரை கறுக்காமல் துடித்துக்கொண்டே இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவர் காரணம். அது மட்டும் அசையாமல் மற்றவை துடித்தால் நிறுவிய ஏதோ ஒரு ஆப் காரணம். டிரைவர் சரியாக ஏறியும் வெளிச்சம் மாறவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் 'மானிட்டர்ஸ்' பகுதியில் 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அதை எனேபிள் செய்யுங்கள்.

சில சிப்களுக்கு எவ்வளவு தேடினாலும் பொருத்தமான டிரைவர் கிடைக்காது, அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் பிராசஸர் கொண்ட சில நெட்புக்குகளில் இருக்கும் ஜிஎம்ஏ 3600, பெயரில் இன்டெல் என்றாலும் உள்ளே பவர்விஆர் என்ற வேறொரு வடிவமைப்பு. அதற்கு வந்தது விண்டோஸ் 7-இன் 32 பிட் டிரைவர்தான். அதில் 64 பிட் போட்டுவிட்டு டிரைவர் தேடுவது வீண் அலைச்சல். விண்டோஸ் 11-க்கோ டைரக்ட்எக்ஸ் 12 என்ற கிராஃபிக்ஸ் தொகுப்புக்கான ஆதரவையும் டபிள்யுடிடிஎம் 2.0 என்ற தரத்தில் அமைந்த டிரைவரையும் மைக்ரோசாஃப்ட் நிபந்தனையாக வைத்திருக்கிறது. மூன்றாம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸ் அதை எட்டுவதில்லை. நிபந்தனையைத் தாண்டி நிறுவிவிடலாம், ஆனால் பின்னால் வரும் திரைத் தொல்லைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

லினக்ஸில் பழைய இன்டெல், ஏஎம்டி சிப்களுக்கான டிரைவர் அதன் மைய நிரலான கெர்னலோடே வருவதால் பாடு குறைவு. ஆனால் நிறுவும்போது 'சேஃப் கிராஃபிக்ஸ்' வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் 'நோமோட்செட்' (nomodeset) என்ற சொல் தொடக்க அமைப்பில் தங்கிவிடக்கூடும். அது இருக்கும்வரை உண்மையான டிரைவர் இயங்காது. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' (llvmpipe) என்று காட்டினால் பிராசஸர்தான் படம் வரைந்துகொண்டிருக்கிறது. லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரலான கிரப்பின் அமைப்புக் கோப்பிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் நீக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். பழைய என்விடியா சிப்களுக்கான 340 வரிசை டிரைவரின் ஆதரவு 2019 இறுதியிலும், 390 வரிசையின் ஆதரவு 2022 இறுதியிலும் முடிந்துவிட்டது. புதிய கெர்னலில் அவற்றை மல்லுக்கட்டி ஏற்றுவதைவிட, லினக்ஸோடு கூடவே வரும் நூவோ என்ற மாற்று டிரைவரோடு இருப்பதே நிம்மதி.

உண்மையான வன்பொருள் கோளாறு ஃபார்மட் போட்ட அன்றே தலைகாட்டும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. தனி கிராஃபிக்ஸ் சிப் பழுதாகத் தொடங்கியிருந்தால், பொது டிரைவரில் எல்லாம் நன்றாகத் தெரியும். அசல் டிரைவர் ஏறி சிப்பின் முழு வேலையும் தொடங்கியதும் கட்டங்கட்டமாகக் கோடு விழும் அல்லது கணினி உறைந்துவிடும். 2008 ஜூலையில் என்விடியா, சில லேப்டாப் சிப்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் செயலிழப்பதை அறிவித்து 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தக் காலத்து லேப்டாப் என்றால் இந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கலாம். வேறு வேறு பதிப்பு டிரைவர்களிலும் இதே கதை என்றால் சிப்தான் காரணம். அப்போதும் பேனலை மாற்றிப் பயனில்லை.

பயாஸிலேயே திரை இருண்டிருந்தால், இருட்டறையில் டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்விளக்கு மட்டும் எரியவில்லை. எல்இடி வருவதற்கு முந்தைய பேனல்களில் குழல்விளக்கும் அதற்கான இன்வெர்ட்டரும் இருக்கும். இன்வெர்ட்டரில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பழக்கமில்லாதவர்கள் கை வைக்கக் கூடாது. மூடியை அசைக்கும்போது கோடு வந்து போனால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். பேனலையே மாற்றும் நிலை வந்தால் அதன் பின்புறத்து மாடல் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எல்விடிஎஸ் என்ற பழைய முறையில் படத்தை வாங்கும் எல்இடி பேனல்களில் இணைப்பு பெரும்பாலும் 40 பின், பின்னால் வந்த இடிபி வகையில் பெரும்பாலும் 30 பின். அளவு ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் அந்த இணைப்பைத் தொட வேண்டும்.

இவ்வளவு பாடும் ஃபார்மட் போடுவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்தால் மிச்சம். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறை, அதனுள் சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ்டோர், அதனுள் ஃபைல்ரெபாசிட்டரி என்ற கோப்புறை இருக்கும். அந்த லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்த டிரைவர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக நிறுவியபின் 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' என்று போய், உட்கோப்புறைகளையும் சேர்க்கும் கட்டத்தில் டிக் இட்டு அந்த நகலைக் காட்டினால், பிட் வகை மாறாதவரை தேவையானதை விண்டோஸே தேடி எடுத்துக்கொள்ளும். இணையம்கூட வேண்டாம்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். விண்டோஸ் திறந்துவிட்டது என்பதோடு வேலை முடிந்ததாக எண்ணி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். டிவைஸ் மேனேஜரில் டிரைவர் குறையைக் காட்டும் மஞ்சள் குறி ஒன்றுகூட இல்லாமல் கொடுங்கள். வாங்குபவர்களும் அங்கேயே நின்று டிஸ்ப்ளே அடாப்டரின் பெயரைப் பாருங்கள். வெளிச்சத்தைக் கடைசி வரை இறக்கி ஏற்றுங்கள். முழுத்திரையில் ஒரு வீடியோவை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மூடியை மூடி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, படம் திரும்பி வருகிறதா என்று பார்த்தபின் கையில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
பழைய மடிக்கணினிகளைப் பழுதுநீக்கும் வாசகர்